பதினாலு பச்சைக் கோடு

கொஞ்சம் நவுந்து உக்காரும்மா. பையத் தூக்கி மடியில வச்சுக்க, நான் ஒரு ஓரமாத்தான் உக்காரப் போறேன். அதென்ன போன்ல செவப்பும் பச்சையுமா? மேப்புதான? பாத்த ஒடனே சொல்லிட்டேன் பாரு. எங்க ஊர்லயும் இந்த மாதிரி ஒன்னு போட்டோம். போட்டோம்னா என்ன, நான்தான் போட்டேன். மத்தவளுவோ சுத்தி நின்னு வேடிக்க பாத்தாளுவோ.

கம்ப்யூட்டர்லயா? இல்லம்மா. கோலமாவுல.

வைகாசி மாசம், பள்ளிக்கூடம் லீவு. திருச்சியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு. பெனிட்டான்னு பேரு. நல்ல பொண்ணுதான், தலைக்கு எண்ண மட்டும் வைக்காது. ஏதோ தொண்டு நிறுவனமாம். உங்க ஊருப் பொம்பளைங்களுக்குப் பத்து தையல் மெஷின் தர்றோம், எங்க வைக்கிறதுன்னு நீங்களே காட்டுங்கன்னுச்சு. பொம்பளைங்க யாரும் கூப்புடாமயே எந்த வீட்டுக்குத் தானாப் போறாங்களோ அங்க வச்சாத்தான் மெஷின் ஓடுமாம். வேற ஒரு ஊர்ல பெரிய மனுசன் வீட்டு வாசல்ல வச்சாங்களாம். ஆறு மாசம் கழிச்சுப் போயிப் பாத்தா மெஷினு மேல உரமூட்ட அடுக்கியிருக்காம்.

நான் எந்திரிச்சு, இதுக்கு எதுக்கும்மா மேப்பு, எங்க வீட்டுல வையின்னேன். மகளிர் குழுத் தலைவி நான். பன்னண்டு வருஷமா நான்தான். எம் பேரு தையல்நாயகி. பேருலயே தையல் இருக்கு, இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. இல்லம்மா, கோடு சொல்லட்டும்னுச்சு.

சரி, சொல்லட்டும். எனக்கென்ன பயம்?

பள்ளிக்கூடத்து மைதானத்துல தண்ணி தெளிச்சு, ஊர அப்படியே கோலமாவுல போடுங்கன்னுச்சு. மார்கழியில என் வாசல்ல நின்னு போட்டோ எடுக்காம போறவங்க கெடையாது, எனக்குப் போடத் தெரியாதா? ஒரே மூச்சுல போட்டேன். கோயிலு, கொளம், வாய்க்கா, எல்லாம். எங்க ஊர்ல வடக்க இருபத்திமூனு வீடு, தெக்க பத்தொம்பது. அப்படியே போட்டா நல்லாவா இருக்கும், நீயே சொல்லு? ஒரு பக்கம் மொட்டையா நிக்கும். கோலம்னா ரெண்டு பக்கமும் ஒத்து வரணும்ல. அதனால தெக்க நாலு வீடு சேத்துப் போட்டேன். யாருகிட்டயும் சொல்லல. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?

அப்பறம் கலர்ப் பொடி. போன வாரத்துல யாரு யாரு வீட்டுல போயி உக்காந்து பேசுனீங்களோ, உங்க வீட்டுலேர்ந்து அந்த வீட்டுக்கு ஒரு கோடு இழுங்கன்னுச்சு. காலையில போனா மஞ்சப் பொடி. பதினொன்னுலேர்ந்து ஒன்னு வரைக்கும்னா பச்ச. சாயங்காலம்னா ரோஸு. இவ்ளோதான் வெளையாட்டு.

மொதல்ல நான் இழுத்தேன். நாப்பத்தோரு வீட்டுக்கும் இழுத்தேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஆமா, வாரத்துல எல்லா வீட்டுக்கும் போயிருவேன். பதினொன்னு அடிச்சா செருப்ப மாட்டிருவேன், ஒரு மணிக்குத்தான் திரும்புவேன். ஒரு வீட்டுல கொழம்புல உப்பு கூடயிருக்கும், சொல்லுவேன். ஒரு வீட்டுல புள்ளைக்குச் சளியோட தலைக்கு ஊத்தியிருப்பா, சொல்லுவேன். ஊர்ல நல்லது சொல்ல ஒரு ஆளு வேணாமா? பாதி வீட்டுல கதவு சாத்தித்தான் கெடக்கும். வெயிலுக்குச் சாத்தியிருக்காளுவோன்னு நெனச்சுக்குவேன். வாசல்ல நின்னு சத்தமா நாலு வார்த்த சொல்லிட்டு வந்துருவேன், காதுல விழுந்தா சரி.

இன்னொன்னும் உண்டு. என் மருமவ இலக்கியா விஷயம். கல்யாணமாயி நாலு வருஷம், இன்னும் ஒரு புழு பூச்சி இல்ல. என் மவன் சிங்கப்பூர்ல இருக்கான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவான், முப்பது நாளு இருப்பான், போயிருவான். இந்தப் புள்ளைக்கு எங்க கோளாறுன்னு தெரியலியே, எந்த டாக்டர்ட்ட காட்டலாம், எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கலாம்னு போற வீட்டுல எல்லாம் யோசன கேப்பேன். அவ்ளோ அக்கற எனக்கு அவ மேல. உனக்கு யாராச்சும் நல்ல டாக்டரு தெரியுமா? தெரியாதா? சரி விடு.

எங்க விட்டேன்? ஆங், கோடு.

எல்லாரும் இழுத்து முடிச்சாளுவோ. பெனிட்டா பெஞ்சு மேல ஏறி நின்னு பாத்துச்சு. பாத்துட்டு மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. தெக்க நாலு வீட்டக் காட்டி, "இந்த நாலு வீட்டுக்கு ஒரு கோடு கூட இல்லியே, ஒங்க பச்ச கூட இல்லியே. யாரு இருக்காங்க அங்க? ஏன் ஒதுக்கி வச்சிருக்கீங்க?"ன்னு கேக்குது. நோட்டுல வேற எழுதுது. கண்ணு கலங்கிடுச்சு அந்தப் பொண்ணுக்கு. எதுத்த வீட்டுக் குஞ்சம்மா இருக்காளே, அவளுக்கு வாயி சும்மா இருக்காது. "அது எங்க தையல்நாயகி அக்கா கட்டுன வீடு. இன்னும் பட்டா வரல"ன்னா. மைதானமே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்யிறது, காலாலயே அந்த நாலு வீட்டையும் அழிச்சுட்டேன்.

அதுக்கப்பறம்தான் பாத்தேன் என் வீட்ட.

பச்சக் கோடும்மா! ஒன்னு ரெண்டு இல்ல, பதினாலு. வடக்கேர்ந்து, தெக்கேர்ந்து, கொளத்தாண்டையிலேர்ந்து, எல்லாம் என் வீட்டுக்குத்தான் வந்து முட்டுது. வேற எந்த வீட்டுக்கும் நாலு அஞ்சுக்கு மேல இல்ல. பாத்தியா பெனிட்டா, நான் சொன்னேன்ல, கோடே சொல்லிருச்சுன்னேன். குஞ்சம்மா வானத்தப் பாக்குறா. கொளத்தாண்ட வீட்டு மலர்க்கொடிக்கு இருமலா வருது. என் மருமவ பொடிக் கிண்ணத்தக் கீழ போட்டுடுச்சு. சந்தோஷத்துல யாருக்கும் பேச்சு வரலன்னு நெனச்சுக்கிட்டேன்.

பெனிட்டா கேட்டுச்சு. "அம்மா, பதினொன்னுலேர்ந்து ஒன்னு வரைக்கும் நீங்க வீட்டுல இருக்க மாட்டீங்களே. அப்ப இவங்கல்லாம் யாரப் பாக்க வர்றாங்க?"

"என்னத்தான். வேற யார?"

"நீங்க அவங்க வீட்டுக்குப் போறீங்க, அவங்க உங்க வீட்டுக்கு வராங்க. வழியில பாத்துக்க மாட்டீங்களா?"

"நான் தெரு வழியாப் போறேன். கோடு எல்லாம் கொல்லப்பக்கமா வந்துருக்கு பாரு, அவளுவோ வாய்க்காங்கர வழியா வராளுவோ. எப்படிப் பாத்துக்குறது?"

அந்தப் பொண்ணு மேப்ப நாலு பக்கத்துலேர்ந்தும் போட்டோ எடுத்துக்கிச்சு. மெஷின் பத்தும் எங்க கொல்லக் கொட்டகைக்குத்தான்னு முடிவாச்சு. நான் அன்னிக்கு வீட்டுக்கு நடந்து போவல, பறந்து போனேன்.

ஆனா ராத்திரி படுத்தா மனசு கேக்கல. யோசிச்சுப் பாரு. பதினாலு பேரு. வேகாத வெயில்ல, வேலயெல்லாம் போட்டுட்டு, என்னத் தேடிக்கிட்டு வராளுவோ. நான் இல்லன்னு ஏமாந்து திரும்பிப் போறாளுவோ. இது எத்தன வருஷமா நடக்குதோ! ஒருத்தியாவது வாயத் தொறந்து சொன்னாளா? எனக்குத் தொந்தரவா இருக்கும்னு சொல்லாம இருந்துருக்காளுவோ. பாவம்னு இருந்துச்சு. சரி, நாளைலேர்ந்து பதினொன்னு மணிக்கு நாம வீட்டுல இருக்குறதுன்னு முடிவு பண்ணேன்.

மறுநாளு கொல்லையில பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டேன். பதினாலு டம்ளர் கழுவிக் கவுத்தேன். பால் கூட வாங்கி வச்சேன். பதினொன்னே காலுக்கு மலர்க்கொடி படலத் தொறந்துக்கிட்டு வந்தா. என்னப் பாத்தா. "கறிவேப்பல பறிக்க வந்தேங்க்கா"ன்னா. பறிச்சுக்கிட்டுப் போயிட்டா. காப்பி குடின்னேன், அடுப்புல பாலு இருக்குன்னு ஓடுறா. பின்னாடியே இன்னொருத்தி, அவளும் கறிவேப்பல. இன்னொருத்தி கோழியத் தேடி வந்தேங்குறா. அவ வீட்டுல கோழியே கெடையாது. ஒரு மணிக்குள்ள பதினோரு பேரு. என் கறிவேப்பல மரம் குச்சி குச்சியா நிக்கிது.

அடுத்த நாளு நாலு பேரு. மூனாம் நாளு ஒரு ஈ காக்கா இல்ல. வச்ச காப்பிய நானே குடிச்சேன். வயித்தெரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

வெயிலு ஜாஸ்தி, அதான் வரலன்னு நெனச்சுக்கிட்டேன். நாளைக்கு வருவாளுவோ, நாளைக்கு வருவாளுவோன்னு தெனம் உக்காந்துருந்தேன். தனியா உக்காந்து என்ன செய்ய, இலக்கியாவுக்கு நல்லது சொல்லிக்கிட்டு இருந்தேன். வெங்காயத்த எப்படி நறுக்கணும், துணிய எப்படி ஒதறணும்னு. அது ஒன்னும் பேசாது. வந்த நாள்லேர்ந்தே அப்படித்தான். கேட்ட கேள்விக்கு "சரித்த", "இல்லத்த". அவ்ளோதான். நாலு வருஷத்துல அது சிரிச்சு நான் கேட்டதில்ல. நானும் பொறவியே அப்படின்னு விட்டுட்டேன்.

ஆனா இப்ப "சரித்த" கூட வரல. சோத்த அளஞ்சுட்டு எந்திரிச்சுடும். கொல்ல வாசப்படியில உக்காந்து வாய்க்காங்கரையே பாத்துக்கிட்டு இருக்கும். என்னடி அங்கன்னா ஒன்னுமில்லங்கும். பத்தாம் நாளு காலையில என் முன்னாடி வந்து நின்னுச்சு.

"அத்த, நான் எங்க வீட்டுக்குப் போயி கொஞ்ச நாளு இருந்துட்டு வரேன்."

போயிட்டு வாயேன்டின்னேன். அப்பறம் உள்ள போயிப் பாத்தா, கல்யாணத்துக்குக் கொண்டாந்த பெரிய பொட்டிய எறக்கி வச்சிருக்கு. அதுல பொடவையெல்லாம் அடுக்கியாச்சு. கொஞ்ச நாளுக்கு எதுக்கும்மா பெரிய பொட்டி? கேக்க வாயெடுத்தேன், கேக்கல. கேட்டா உண்மையச் சொல்லிருமோன்னு பயம். எங்க வீட்டுக்காரர் போயி ஒம்போது வருஷம். மவன் எப்ப வருவான்னு தெரியாது. இதுவும் போயிட்டா அந்த வீட்டுல நானும் செவுரும்தான்.

பொறந்த வீட்டுக்கு வெறுங்கையோட அனுப்பக் கூடாதுல்ல. பழம் வாங்கிட்டு வரேன், சாயங்காலம் கெளம்புன்னு சொல்லிட்டு, பதினொன்னு மணி பஸ்ஸுக்குப் பொறப்பட்டேன். மன்னார்குடி பஸ்ஸு, இதே பஸ்ஸுதான். ஸ்டாப்புல வந்து நின்னா, கண்ணாடிய விட்டுட்டு வந்துருக்கேன். கண்ணாடி இல்லன்னா கிட்டத்துல எனக்கு ஆப்பிளும் ஒன்னுதான், தக்காளியும் ஒன்னுதான். பஸ்ஸு வேற லேட்டு. திரும்பி நடந்தேன். கால் மணி நேரம் கூட ஆயிருக்காது.

வாசப்படியில கால வைக்கிறேன், கொல்லையில என் கொரலு கேக்குது.

"ஏன்டி, இவ்ளோ உப்ப அள்ளிக் கொட்டுனா உம் புருசனுக்குப் பிரஷரு வராம என்ன செய்யும்? நல்லதுக்குத்தான் சொல்றேன், நாள பின்ன என்னச் சொல்லக் கூடாது, ஆமா!"

என் கொரலும்மா. அச்சு அசலு. நடுவுல மூச்சு வாங்குற எடம் கூட மாறல. ஆனா நான் வாசல்ல நிக்கிறேன், வாயத் தொறக்கல. அப்பறம் ஒரு சிரிப்புச் சத்தம். கொட்டக கூரையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி. பதினாலு பேரும் வந்துருக்காளுவோ. நான் பஸ் ஸ்டாப்பு போறதுக்குள்ள எப்படித்தான் சேதி போச்சோ!

உள்ள போயி கொல்லப்பக்கத்துச் சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். நடுவுல இலக்கியா நிக்கிது. இடுப்புல கைய வச்சுக்கிட்டு, மூக்கு மேல கண்ணாடி. என் கண்ணாடி! எம் மாதிரியே கண்ணாடிக்கு மேல பாத்துக்கிட்டு. அடுத்த வீடு போற மாதிரி ரெண்டடி எடுத்து வைக்கிது, சாத்துன கதவு முன்னாடி நிக்கிற மாதிரி நின்னு நல்லது சொல்லுது. குஞ்சம்மா தரையில விழுந்து பொரள்றா. அதப் பாத்து இதுக்கும் சிரிப்பு வந்துருச்சு. வயித்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, விட்டு விட்டுச் சிரிக்கிது. நாலு வருஷமா என் வீட்டுல இருந்த சிரிப்பு. அன்னிக்குத்தான் மொத மொத கேக்குறேன்.

கோவம் வந்துச்சா? வராம? கொல்லக் கதவ ஒரு ஒத விட்டு வெளிய போயி எல்லாரையும் ஒரு வழி பண்ணிருப்பேன். கைய வச்சுட்டேன் கதவுல. அப்பப் பாத்து குஞ்சம்மா கேக்குறா, "நீ போயிட்டா நாங்க எங்கடி போவோம்?"

இலக்கியா கண்ணாடியக் கழட்டுச்சு. "அத்த நாளெல்லாம் வீட்டுலயே இருந்தா நான் எங்கக்கா போறது? இந்த ரெண்டு மணி நேரம் இருந்துச்சு, அதத்தான புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் கதவுலேர்ந்து கைய எடுத்துட்டேன்.

அப்பத்தாம்மா அந்தப் பதினாலு கோடும் எனக்கு வெளங்குச்சு. ஊர்ல நாப்பத்திரெண்டு வீடு. எந்த வீட்டு வாசல்ல எந்நேரம் வந்து நிப்பேன்னு எவளுக்கும் தெரியாது. பதினொன்னுலேர்ந்து ஒன்னு வரைக்கும் நான் கண்டிப்பா வராத வீடு ஊர்லயே ஒன்னே ஒன்னுதான். என் வீடு. அங்கதான் வந்து ஒளிஞ்சுக்கிட்டாளுவோ. திருட்டுக் கழுதைங்க, என்ன மூள பாரு!

சிரி, சிரி. எனக்கே இப்ப சிரிப்பு வருது. அன்னிக்கு வலிச்சுச்சும்மா. ரொம்ப வலிச்சுச்சு. மெதுவா, செருப்புச் சத்தம் கேக்காம, திருடி மாதிரி என் வீட்டுலேர்ந்து நானே எறங்கிப் போனேன். கண்ணாடி இல்லாம பழம் வாங்குனேன், பாதி அழுவலு.

வீட்டுக்குப் போயி, "இலக்கியா, நாளைலேர்ந்து எனக்கு டவுன்ல கொஞ்சம் வேல இருக்கு, தெனம் பதினொன்னு மணி பஸ்ஸுக்குப் போவணும், ஒரு மணிக்குத்தான் வருவேன், ஒரு நாளும் முன்னாடி வர மாட்டேன்"னேன். அது என்னையே பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. "சரித்த"ன்னுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் ஊருக்குக் கெளம்பல. மறுநாளு பாக்குறேன், பெரிய பொட்டி பரணுக்குப் போயிடுச்சு. அதப் பத்தி நான் ஒரு வார்த்த கேக்கல. நான்! கேக்கல! எங்க ஊர்ல சொன்னா எவளும் நம்ப மாட்டா.

ஊருக்குள்ள வீடு வீடாப் போறதையும் விட்டுட்டேன். உப்பு கூடயிருக்குன்னு சொல்ல வாயத் தொறந்தா, இலக்கியா எங் கொரல்ல பேசுற மாதிரியே கேக்குது எனக்கு. பஸ்ஸுல பரவால்ல, இங்க யாருக்கும் என் கொரலு தெரியாது. பொம்பளைக்கு டிக்கெட்டும் கெடையாது. நாலு பேருட்ட பேசலாம். எந்திரிச்சு ஓடவும் முடியாது பாரு உங்களால!

போன வாரம் பெனிட்டா போன் போட்டுச்சு. மெஷினு ஏத்தியாச்சும்மா, பொறுப்பு யாரு பேருல எழுதட்டும், உங்க பேருதானன்னு கேட்டுச்சு. இலக்கியான்னு எழுதிக்கன்னேன். "ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சாம்மா?"ன்னு கேக்குது. என்னது தெரிஞ்சு போச்சு, எனக்கு இடுப்பு வலி, மெஷினுட்ட உக்கார முடியாது, அதான்னு சொல்லி வச்சுட்டேன். நான் மேப்பு போட்டவ. எனக்குத் தெரியாதாக்கும்.

என்ன கேட்ட? நான் எங்க எறங்கணுமா? எங்கயும் இல்லம்மா. எனக்கு டவுன்ல என்ன வேல? மன்னார்குடி போனதும் இந்த வண்டி திரும்பும், நானும் இதே சீட்டுல திரும்புவேன். கண்டக்டருக்குத் தெரியும், ஒன்னும் கேக்க மாட்டாரு. உன் போன்ல மணி என்ன? பதினொன்னே முக்காலா? இந்நேரம் எல்லாரும் வந்து சேந்துருப்பாளுவோ. ஒரு மணி ஆவட்டும். அந்தப் புள்ள சிரிச்சு முடிக்கட்டும்.